டிவியில் தாமதமாக எரிந்த தீபம்

1. ஊரே கத்தியபோது

மலையில் தீபம் ஏற்றியாயிற்று என்று திருவண்ணாமலையே கத்திக்கொண்டிருந்தபோது, "இன்னும் ஏத்தல" என்று அடித்துச் சொன்ன ஒரே ஆள் நான்தான். அப்படிச் சொன்னவன் வெளியூர் யாத்ரீகன் இல்லை. இதே ஊர் டிவி டிரான்ஸ்மிட்டரில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, தலைமுடி கொட்டும்வரை வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நல்ல கதைகள் நிறைய இருக்கின்றன. டவரில் இடி விழுந்தது, ஜெனரேட்டர் காலை வாரியது, அதிகாரி வரும் நாளில் ஏசி நின்றது என்று எல்லாவற்றிலும் கடைசியில் நான்தான் ஜெயித்திருப்பேன். அந்தக் கதைகளை வேறு யாராவது சொல்லட்டும். நான் வெட்கப்பட்ட கதையைச் சொல்கிறேன். உங்களுக்கு உபயோகப்படப்போவது இதுதான்.

2. ஜன்னல் இல்லாத ஹால்

டிரான்ஸ்மிட்டர் ஹாலுக்கு ஜன்னல் கிடையாது. தூசி வரக்கூடாது, ஏசி வெளியே போகக்கூடாது. உள்ளே வரிசையாக ரேக்குகள். மேலிருந்து வரும் நிகழ்ச்சியைப் பிடிக்கும் ரிசீவர் ஒரு ரேக்கில், அதை டவருக்கு அனுப்பும் மெஷின் இன்னொன்றில். சுவரோரம் இரண்டு மானிட்டர்கள். ஒன்று நமக்கு வருவதைக் காட்டும், மற்றொன்று நாம் அனுப்பியது காற்றில் எப்படிப் போகிறது என்று காட்டும். இரண்டும் சுத்தமாக இருந்தால் டீ குடிக்கலாம்.

கார்த்திகை தீபத்தன்று ஊரில் கால் வைக்க இடமிருக்காது. ஸ்டேஷனில் எல்லாருக்கும் லீவு வேண்டும். நான் ஆற்காடு பக்கத்திலிருந்து வந்தவன், எனக்கு அந்த அளவுக்கு ஆசை கிடையாது. "நீங்க போங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று வருஷா வருஷம் டியூட்டியை நானே வாங்கிக்கொள்வேன். இதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஊர் மலையைப் பார்க்கும், நான் ஊருக்கே மலையைக் காட்டுகிறேன் என்று நினைப்பு.

ஆகவே தீபம் ஏற்றும் கணத்தை நான் ஒவ்வொரு வருஷமும் மானிட்டரில்தான் பார்த்தேன். டியூட்டி முடிந்து வெளியே வரும்போது மலையுச்சியில் அது எரிந்துகொண்டிருக்கும். ஏற்றுகிற கணத்தில் மலையையும் டிவியையும் சேர்த்துப் பார்த்தது இல்லை. டிரான்ஸ்மிட்டரை டிஜிட்டலாக மாற்றிய பிறகும் பார்க்கவில்லை. அது ஒரு குறை என்றே எனக்குத் தோன்றியதில்லை.

3. மல்லிகா அக்காவின் ஜன்னல்

ஓய்வு பெற்றதும் செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் வீடு எடுத்தேன். ரமணாசிரமம் நடக்கிற தூரம். எதிர்வீட்டு மாடியில் மல்லிகா அக்கா. ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு இட்லி, பொங்கல் போட்டே மகள் சுதாவைப் படிக்கவைத்தவர். கடை வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து மாடியில் கட்டிலோடு இருந்தார். சுதாதான் எல்லாம் பார்த்துக்கொண்டாள்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் இருந்தது. சந்துக்குள் நின்றால் மலையுச்சி தெரியாது. அக்காவின் மாடி ஜன்னலிலிருந்து மட்டும்தான் தெரியும். மலையில் தீபம் ஏறியதும் அக்கா ஜன்னலில் அகல் ஏற்றுவார். அதைப் பார்த்துத்தான் சந்தில் மற்ற வாசல்களில் விளக்கு ஏறும். "அக்கா ஏத்திட்டாங்க" என்று குரல் கொடுத்தபடியே ஒவ்வொருவராக ஏற்றுவார்கள். விரதம் இருப்பவர்கள் அதற்குப் பிறகுதான் சாப்பிடுவார்கள். படுத்த படுக்கையாக இருந்த அக்காவுக்கு வருஷத்தில் அந்த ஒரு சாயங்காலம் சந்தே அவருடையது.

பிறகு சந்தின் கோடியில் ஒரு லாட்ஜ் எழும்பியது. மாடிமேல் மாடியாக ஏறி, ஜன்னலில் இருந்த மலையை முழுசாக மறைத்துவிட்டது. அந்த வருஷம் அக்கா சத்தத்தை வைத்து ஏற்றினார். யாரோ பையன்கள் விளையாட்டுக்கு முன்கூட்டியே "அரோகரா" போட்டு ஒரு வெடியும் வைத்திருக்கிறார்கள். அக்கா ஏற்ற, சந்தும் ஏற்ற, அதற்குப் பிறகுதான் மலையில் ஏறியிருக்கிறது. அக்கா அந்த மாதம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை என்று சுதா சொன்னாள்.

"மலைக்கு முந்தி ஏத்திட்டேன் சார்" என்றார் அக்கா என்னிடம். "இத்தனை வருஷத்துல அப்படி ஆனதே இல்ல. இந்த வருஷம் கண்ணால பாத்துதான் ஏத்தணும். நீங்க டிவி ஸ்டேஷன்ல இருந்தவரு. ஒரு வழி சொல்லுங்க."

4. பச்சைக் கோடு

என்னிடம் வழி கேட்டால் நான் ஆன்டெனாவைத்தான் சொல்வேன். மொட்டைமாடியில் குழாய் நட்டு, ஆன்டெனாவை டவர் பக்கம் திருப்பிக் கட்டி, வயரை ஜன்னல் வழியாக இறக்கி, டிஜிட்டல் பாக்ஸில் சொருகினேன். மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலையில் இதே ஆன்டெனாவை வைத்துக்கொண்டு நாளெல்லாம் திண்டாடியிருக்கிறேன், மலை குறுக்கே நிற்கும். இங்கே முதல் திருப்பிலேயே சிக்னல் கோடு பச்சைக்குப் போனது. படம் கண்ணாடி போல வந்தது.

"புள்ளி புள்ளியா வராதா சார்?" என்றாள் சுதா.

"அதெல்லாம் பழைய காலம்மா. இது வந்தா முழுசா வரும், இல்லன்னா வரவே வராது. மழை வந்தா மத்தவங்க டிஷ் நின்னுடும். இது நிக்காது."

"மலையில ஏத்துறப்பவே இதுல தெரியுமா?" என்று கேட்டார் அக்கா.

"டவர்லேர்ந்து நேரா உங்க வீட்டுக்கு வருதுக்கா. நடுவுல யாரும் கிடையாது. அங்க ஏத்துனா இங்க எரியும்."

சுதாவுக்கு மட்டும் சந்தேகம். "அன்னிக்குக் கூட்டத்துல போன் போகாது. நான் வேணா லாட்ஜ் மாடில நின்னு பாத்துட்டு, அங்கேர்ந்தே கத்தட்டுமா?"

நான் சிரித்தேன். "கத்துற காலமாம்மா இது? டிவி எதுக்கு இருக்கு?" என்றேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது.

5. அந்தச் சாயங்காலம்

அக்காவுக்குப் புதுப் புடவை. ஜன்னல் கட்டையில் நெய் ஊற்றிய அகல். கையில் தீப்பெட்டி. கீழே சந்தில் பெண்கள் அகலோடு வாசலில் நின்று மாடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு ஆட்டோ டிரைவர் சேகர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்திருந்தார். நான் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதை நானே செய்து கொண்டுவந்தவன் போல உட்கார்ந்திருந்தேன். திரையில் கோயில் கொடிமரத்தைச் சுற்றிக் கூட்டம் காத்திருந்தது.

திடீரென்று செங்கம் ரோட்டிலிருந்து "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று பெரிய சத்தம். அக்கா சட்டென்று குச்சியை உரசிவிட்டார்.

"இருங்கக்கா!" என்றேன். "இன்னும் ஏத்தல. பாருங்க, டிவியில கூட்டம் சும்மா நிக்குது. போன வருஷம் மாதிரி பசங்க வேலை."

எரிகிற குச்சியோடு அக்காவின் கை அகலுக்கு மேல் அப்படியே நின்றது.

"சார், நெறைய சத்தம் வருது" என்றாள் சுதா.

"வரட்டும்மா. சத்தத்த நம்பித்தானே போன வருஷம் ஏமாந்தீங்க? டிவியப் பாருங்க."

வெளியே வெடி, மணி, சங்கு எல்லாம் சேர்ந்துகொண்டன. குச்சி எரிந்து கீழே இறங்கியது. அக்கா அதைப் பார்க்கவில்லை. நான் சொன்னேன் என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெருப்பு விரலைத் தொட்டபோது உடம்பு மட்டும் ஒருமுறை குலுங்கியது, குச்சியைப் போடவில்லை. குச்சி தானே அணைந்தது. அதற்குப் பிறகுதான் என் டிவியில், கண்ணாடி போலத் தெளிவாக, மலையுச்சியில் தீபம் எரிந்தது.

அக்கா இரண்டாவது குச்சியை உரசி அகலை ஏற்றினார். நான் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். சந்தில் எல்லா வாசலிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாவம், அவர்களும் முடிந்தவரை காத்திருந்துதான் பார்த்திருப்பார்கள். அந்தச் சந்திலேயே கடைசியாக ஏறியது அக்காவின் விளக்குதான்.

அப்போது நான் செய்த காரியத்தைச் சொன்னால்தான் இந்தக் கதை முழுமையாகும். மன்னிப்புக் கேட்கவில்லை. விளக்கம் சொன்னேன். "அது வந்துக்கா, டிஜிட்டல்ல கொஞ்சம் ப்ராசஸிங் இருக்கும்..." என்று ஆரம்பித்து பாக்ஸைக் கையில் எடுத்துக் காட்டிக்கூடப் பேசினேன். அக்கா வெந்த விரலை வாயில் வைத்தபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பரவால்ல சார்" என்றார் கடைசியில். "நீங்க இன்னா பண்ணுவீங்க. நம்ம பக்கத்து மலைதானேன்னு நானும் நெனச்சிட்டேன்."

சுதா மருந்து தேடப் போய்விட்டாள்.

6. "உங்களுக்குத் தெரியாதா சார்?"

மறுநாள் என் இடத்தில் வேலை பார்க்கும் கோபிக்குப் போன் செய்தேன். ஏதோ ரேக்கில் கோளாறு என்று அவன் சொல்லிவிடமாட்டானா என்ற நப்பாசை.

கோபி சிரித்தான். "கோளாறெல்லாம் இல்ல சார். கோயில் வாசல்ல நிக்கிற டிவி வண்டிலேர்ந்து படம் சாட்டிலைட்டுக்குப் போகும். அங்கேர்ந்து சென்னை. திரும்ப சாட்டிலைட். அப்புறம்தான் நம்ம ரேக். ஒவ்வொரு எடத்துலயும் படத்த சுருக்கி விரிக்கணும். கடைசில வீட்டு பாக்ஸும் கொஞ்சம் சேத்து வெச்சிட்டுத்தான் காட்டும். லேட்டாத்தானே வரும்? உங்களுக்குத் தெரியாதா சார்?"

தெரியும். துண்டு துண்டாக எல்லாம் தெரியும். ஹாலில் இரண்டு மானிட்டர்களில் ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பின்தங்குவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "டவர்லேர்ந்து நேரா வீட்டுக்கு" என்று நான் அக்காவிடம் சொன்னதுகூடப் பொய் இல்லை. ஆனால் மலையிலிருந்து டவருக்கு எப்படி வருகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த மலை என் ஹாலின் கதவைத் திறந்தால் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது.

சேகருக்கு ஒரு வருஷத்துக்குப் பேச்சுக் கிடைத்துவிட்டது. என்னைப் பார்க்கும்போதெல்லாம், "சார், மணி இன்னா? ஊர் மணி வேணாம், உங்க டிவி மணி சொல்லுங்க" என்பார். சந்து முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்துவைப்பேன். அந்தக் கேலி வலிக்கவில்லை. அக்கா இட்லி கொடுத்தனுப்பும்போதுதான் வலிக்கும். கட்டை விரலில் ஒரு வெளுத்த தழும்பு நின்றுவிட்டது என்று சுதா சொன்னாள். நான் மேலே போய்ப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை.

7. லாட்ஜ் மாடி

அடுத்த தீபத்துக்குச் சில நாள் முன்பு லாட்ஜ் மேனேஜரைப் பார்த்தேன். "மாடி ஃபுல்லா கெஸ்ட்டுங்களுக்கு சார். ஜாஸ்தி ஆள விட முடியாது" என்றார். தண்ணீர் டேங்க் ஓரத்தில் ஒரு ஆள் நிற்கிற இடம் போதும் என்று கெஞ்சி வாங்கினேன். சுதாவிடம் போய், "நீ அன்னிக்கே சொன்னம்மா. நான் கேக்கல. இந்த வருஷம் நான் கத்தறேன்" என்றேன். அவள், "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மேலே போனேன். மன்னிப்புக் கேட்டேன். அக்கா டிவி பக்கம் கை காட்டி, "அது பாட்டுக்கு ஓடட்டும் சார். ஏத்துன பிறகு பாக்க நல்லாருக்கும்" என்றார். அப்போதுதான் தழும்பைப் பார்த்தேன்.

தீபத்தன்று தண்ணீர் டேங்க் ஓரத்தில் நின்றேன். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கீழே அக்காவின் ஜன்னல். தூறல் விட்டிருந்தது. உச்சியில் ஒரு பொறி தெரிந்தது. அது வளர்ந்து நிலைத்தது. எல்லாருக்கும் வருஷா வருஷம் காட்டிக்கொண்டிருந்த அந்தக் கணத்தை அன்றுதான் முதல்முறையாக நான் என் கண்ணால் பார்த்தேன். உடனே திரும்பிக் கத்தினேன்.

"அக்கா! ஏத்திட்டாங்க! ஏத்துங்க!"

ஜன்னலில் வெளிச்சம் வரவில்லை. சந்தில் அகலோடு நின்றவர்கள் எல்லாரும் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார்கள். அந்த முறை ஒருவரும் முந்தவில்லை. ஊரெல்லாம் "அரோகரா" கிளம்பிவிட்டது. பிறகு அக்காவின் குரல் வந்தது.

"கண்ணால பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்க்கா! என் கண்ணால பாத்தேன்!"

அதன் பிறகுதான் ஜன்னலில் அகல் எரிந்தது. "அக்கா ஏத்திட்டாங்க" என்று கீழே குரல்கள் கேட்டன, சந்து வரிசையாக வெளிச்சமானது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். "லைவ்" என்று ஒருவரிடம் சொல்வதற்கு முன்னால் ஒருமுறை கதவைத் திறந்து வெளியே பாருங்கள். டிவியில் வரும் தாமதத்தை என்றாவது ஒருநாள் யாராவது குறைத்துவிடுவார்கள். ஆனால் லாட்ஜ் மாடியிலிருந்து நான் கத்தியதற்கும் அக்கா ஏற்றியதற்கும் நடுவே ஒரு கேள்வி கேட்கும் நேரம் போனது. அந்தத் தாமதம் முழுக்க என்னுடையது.