பள்ளிக்கூடத்தின் பேரைச் சொல்லாத ஏஜெண்டு

சிவகாசியில் அவரைப் பட்டாசு ஏஜெண்டாகத்தான் எல்லாருக்கும் தெரியும். தீபாவளி சீசன் முடிந்துவிட்டால் இங்கிலீஷ் டீச்சர்களை வியட்நாமுக்கு அனுப்புவார். கசங்காத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு போன். மேஜை நிறைய லேபிள் ஒட்டிய மாதிரிப் பெட்டிகள். பேசும்போது ஒன்றை எடுத்துக் காதருகே ஆட்டிக்கொண்டே இருப்பார். உள்ளே ஒன்றும் இருக்காது.

விருதுநகரில் பார்த்துவந்த இங்கிலீஷ் டீச்சர் வேலையை விட்டுவிட்டு வியட்நாம் போகலாமா என்ற யோசனையோடு அவரைப் பார்க்கப் போனேன்.

"எந்தப் பள்ளிக்கூடம்ண்ணே?"

"அதைச் சொன்னா நீங்க நேரா அப்ளை பண்ணிருவீகளே டீச்சர்! பட்டாசுக்கும் அப்படித்தான். எந்தக் கம்பெனி சரக்குன்னு வாங்குற பார்ட்டிகிட்ட சொல்லவே மாட்டோம்."

"பட்டாசு நமுத்துப்போனா லோடைத் திருப்பி அனுப்பலாம். அங்கன போய் எறங்கி, பள்ளிக்கூடமே இல்லைன்னா என்னைய யாருண்ணே திருப்பி அனுப்புவா?"

ஆடிக்கொண்டிருந்த பெட்டி நின்றது. பள்ளிக்கூடத்தின் பேரைச் சொன்னார். அங்கே வேலை பார்க்கும் சாத்தூர் டீச்சரின் நம்பரையும் கொடுத்தார்.

"நல்லா விசாரிங்க. நேரா போறதுன்னாலும் போங்க."

விசாரித்தேன், எல்லாம் சரியாகவே இருந்தது. நேராக அப்ளை பண்ணியிருக்கலாம். ஆனால் மறுநாள் அவரிடமே போய் நின்றேன். அன்று அவர் காட்டியது நேர்மையா, கைதேர்ந்த வியாபாரமா? வியட்நாமில் பாடம் நடத்தும் இந்த நாள்வரை எனக்குப் பிடிபடவில்லை.