வாய்க்கால் ஒழுங்கை

பிரதேச சபையின் அறிவித்தலை முதலில் கண்டவர் என் கணவர். மாட்டுக்குப் புல் வெட்டிக்கொண்டு வந்தவர், ஒழுங்கை முகப்பில் நிற்கும் மின்கம்பத்தில் யாரோ கடுதாசி ஒட்டியிருக்கிறார்கள் என்றார். நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு ஸ்கூட்டியை வெளியே எடுத்திருந்தேன். போய் வாசித்தேன். எங்கள் பக்கவேலியோடு தொடங்கி வாய்க்கால் கட்டு வரை போகும் பத்தடி அகல ஒழுங்கைப் பாதை பொதுப் பாவனையில் இல்லாதபடியால், அதைக் கைவிட்டு அருகிலுள்ள காணிக்காரருக்குக் கொடுப்பது பற்றிச் சபை யோசிக்கிறது. ஆட்சேபனை உள்ளவர்கள் எழுத்தில் அறிவிக்கலாம்.

அன்று தரம் எட்டுக்குப் பின்னம் படிப்பித்தேன். கரும்பலகையில் பிழையாகக் கழித்துவிட்டு, பிள்ளைகள் சொன்ன பிறகுதான் திருத்தினேன்.

எங்கள் குடியேற்றத்தில் தெருவோரம் ஒரு வரிசை வீட்டு வளவுகள், அதற்குப் பின்னால் வாய்க்காலோரம் இன்னொரு வரிசை. பின்வரிசைக்காரர் தெருவுக்கு வருவதற்காகவே அந்த ஒழுங்கையை விட்டிருந்தார்கள். எங்களுக்கு நேர் பின்வளவில் என் சிநேகிதி இருந்தாள். இரண்டு குடும்பமும் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு.

போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. பின்னேரம் இருட்டுப்படத் தொடங்க, அவள் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் தன் வீட்டுப் பங்கு எண்ணெயைக் கொண்டு ஒழுங்கையால் வருவாள். எங்கள் வீட்டு எண்ணெயையும் சேர்த்து ஜாம் போத்தல் விளக்கில் விடுவோம். ஒரு விளக்கில் இரண்டு பேர் படிப்போம். அவளுக்குக் கணக்கு ஓடாது. எனக்குக் கட்டுரை வராது. படித்து முடிந்ததும் அவள் திரும்பிப் போவாள். நான் வாசல் படலையில் நின்று, “போயிட்டியா?” என்று கத்துவேன். “இன்னும் இல்லை” என்று பாதி வழியிலிருந்து குரல் வரும். இன்னும் கொஞ்சம் நின்று மறுபடி கத்துவேன். “ஓம்!” என்று தன் படலையிலிருந்து கத்துவாள். அதற்குப் பிறகுதான் நான் உள்ளே போவேன்.

முதல் இடம்பெயர்வு நாளில் எங்கள் ட்ராக்டர் தெருவில் நின்றது. ஐயா பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் படலையில் நின்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் வரவில்லை. ஐயா என் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினார். அவர்கள் விடியவே வாய்க்கால் கட்டு வழியாகப் போய்விட்டார்கள் என்பதை பல மாதம் கழித்து ஒரு முகாமில் வேறு யாரோ சொல்லித்தான் அறிந்தேன். அவர்கள் அப்படியே இந்தியா, பிறகு கனடா.

நாங்கள் பல ஊர் அலைந்து திரும்பி வந்தபோது ஒழுங்கையின் இரண்டு பக்கமும் மண்டையோட்டுப் படம் போட்ட பலகை நட்டிருந்தது. கண்ணிவெடி எடுத்து முடிய வருடங்கள் சென்றன. அதற்குள் வாய்க்கால் கட்டில் கிரவல் மண் போட்டு நல்ல றோட்டாக்கிவிட்டார்கள். பின்வளவுக்காரருக்கு அது வசதியாகப் போயிற்று. பலகைகளைக் கழற்றிய பிறகும் ஒழுங்கைக்குள் யாரும் கால் வைக்கவில்லை. நாயுண்ணிப் பற்றை ஆள் உயரத்துக்கு வளர்ந்தது.

“ஆட்சேபனை எழுதப் போறன்” என்றேன் கணவரிடம்.

“நீர் அந்த ஒழுங்கையாலை கடைசியா எப்ப போனனீர்?”

அவர் சிரிக்கவும் இல்லை, மறிக்கவும் இல்லை. பொதுமக்கள் நடமாடும் பாதை, மூடினால் மாணவர்களுக்கு இடைஞ்சல் என்று நான் எழுதி, சபையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அது பொய் என்று எழுதும்போதே தெரியும்.

அந்தப் பொய்யை உண்மையாக்க நினைத்தேன். அடுத்த நாள் காலை கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கி, ஓர் ஆள் போகுமளவுக்குப் பற்றையை வெட்டினேன். நாலு நாள் எடுத்தது. பிறகு ஒவ்வொரு நாளும் காலையும் பின்னேரமும் அந்த வழியால் வாய்க்கால் கட்டு வரை நடந்துபோய்த் திரும்பி வந்தேன். வாய்க்கால் கரையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். இரண்டு கிழமையில் மண்ணில் கோடு போட்டதுபோல ஒரு தடம் விழுந்தது. நாற்பத்தைந்து வயதில், செருப்பை அழுத்தி அழுத்தி நடந்து பாதை செய்துகொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை அவளுக்கு ஃபோன் எடுத்தேன். அங்கே சனி இரவுச் சாப்பாட்டு நேரம். சில வருடங்களுக்கு முன் ஃபேஸ்புக்கில் கண்டுபிடித்ததிலிருந்து இடைக்கிடை கதைப்போம். விஷயத்தைச் சொன்னேன்.

“எந்த ஒழுங்கையடி?” என்றாள்.

“உங்கடை வளவுக்குப் போற ஒழுங்கை. எண்ணெய்ப் போத்திலோடை வருவியே.”

“ஓ… அதுவா. அதுக்கை பாம்பு கிடக்குமெண்டு அம்மா ஒவ்வொரு நாளும் பேசுவா. நடுவிலை ஒரு நாவல் மரம் நிண்டது, என்ன? பழம் விழுந்து காலெல்லாம் ஊதாவாப் போகும்.”

எனக்கு நாவல் மரம் ஞாபகமில்லை. எண்ணெய்ப் போத்தல் அவளுக்கு ஞாபகமில்லை.

“நீயும் ஒரு கடிதம் எழுதினா நல்லது. பழைய காணிக்காரியெண்டு.”

பின்னால் அவளுடைய மகள் இங்கிலீஷில் ஏதோ கேட்பது கேட்டது.

“காணியை அண்ணா வித்து எத்தினை வருசம். நான் என்னெண்டு எழுதுறது? இஞ்சை பார், நான் வரமாட்டனடி. வந்தாலும் யாழ்ப்பாணத்திலை ஒரு ஹோட்டலிலை நிண்டிட்டு பத்து நாளிலை திரும்பிடுவன். உனக்குப் பொய் சொல்லக்கூடாது.”

“சரி” என்றேன். பிறகு அவளுடைய முழங்கால் நோவைப் பற்றிக் கதைத்தோம்.

சபையிலிருந்து மூன்று பேர் பார்வையிட வந்தார்கள்: வட்டார உறுப்பினர், தொழில்நுட்ப உத்தியோகத்தர், அளவுநாடா பிடிக்க ஒருவர். ஒழுங்கையைக் கேட்டு விண்ணப்பித்த பின்வளவுக்காரரும் வந்தார்கள். பூநகரிப் பக்கமிருந்து வந்து, என் சிநேகிதியின் வளவை வாங்கிய இளம் குடும்பம். அவன் மேசன். மனைவி கைக்குழந்தையோடு நின்றாள். அவர்களை நான் அதுவரை தூரத்தில் பார்த்துத் தலையசைத்ததோடு சரி. கட்டு றோட்டை அகலமாக்கியபோது அவர்களுடைய முன்பக்கத்தில் ஒரு துண்டு போய்விட்டது என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். மிச்ச இடத்தில் அறை ஒன்று கட்டி, வெளியில் தகரம் சாய்த்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். குசினி போட ஒழுங்கைப் பக்கத்தை விட்டால் வேறு இடமில்லை.

உத்தியோகத்தர் தடத்தைப் பார்த்தார். “பாவனையில் இல்லையெண்டு ரிப்போட். ஆனா நல்லா நடந்த தடம் கிடக்கு. ஆர் நடக்கிறது?”

நான் வாய் திறக்கும் முன் அந்தப் பெண் சொன்னாள். “ரீச்சர் நடக்கிறவா சேர். காலமையும் பின்னேரமும். நான் ஒவ்வொரு நாளும் காணுறனான். ரீச்சருக்கு வழி வேணுமெண்டா நாங்கள் ஒரு மூண்டு அடி விட்டிட்டுக் கட்டுறம்.”

அவள் குத்திக் காட்டவில்லை. என் கடிதத்துக்குச் சாட்சியாகத்தான் சொன்னாள். குழந்தை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தது. அதன் கையில் கரி பட்டிருந்தது.

“ரீச்சர், இதாலை எங்கை போறனீங்கள்?” என்று உறுப்பினர் கேட்டார்.

“எனக்கு இதாலை போறதுக்கு ஒரு இடமும் இல்லைத் தம்பி” என்றேன். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். “கடிதத்தைத் திருப்பித் தாங்கோ. நான் வாபஸ் வாங்கிறன்.”

கொடுத்த கடிதத்தைத் திருப்பித் தர முடியாது, வாபஸ் என்று இன்னொரு கடிதம் தர வேண்டும் என்றார் உத்தியோகத்தர். அங்கேயே ஸ்கூட்டி இருக்கையில் வைத்து எழுதிக் கொடுத்தேன்.

சபைக் கூட்டத்துக்கு நானும் போய்ப் பின்னால் கதிரையில் இருந்தேன். சந்தைக் கடை வாடகைக்காக முற்பகல் முழுக்கச் சண்டை பிடித்தார்கள். ஒழுங்கை விஷயம் வந்ததும் தலைவர் வாசித்தார், ஆட்சேபனை இல்லை என்றார், ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிந்தார். நான் கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. வெளியே வந்து ஸ்கூட்டியடியில் கொஞ்சம் நின்றேன். பசி என்று நினைத்து ஒரு ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டேன். அது பசி இல்லை.

மற்ற அனுமதிகளெல்லாம் வந்து சேர மாதங்கள் போயின. பின்பாதி அவர்களுக்கு, முன்பாதி எங்களுக்கு. கணவர் எங்கள் பாதியில் இரண்டு தென்னம்பிள்ளை வைத்தார். வேலி அடைத்த நாளில் நான் வீட்டில் நிற்கவில்லை. பாடசாலையில் வினாத்தாள் திருத்த இருக்கிறது என்று சொல்லி, இல்லாத வேலைக்குப் போனேன்.

தைப்பொங்கல் முடிந்த கிழமை புதுக் குசினியில் பால் காய்ச்சினார்கள். அழைப்புச் சொல்ல அந்தப் பெண் குழந்தையோடு சுற்றி வந்திருந்தாள். நாங்கள் கட்டு றோட்டால் போனோம். சீமெந்து வாசம் இன்னும் போகாத நிலத்தில் பாய் விரித்து இருத்தினாள். சர்க்கரைப் பொங்கல் தந்தாள். எந்த இடத்தில் இருக்கிறேன் என்று மனதுக்குள் அளந்து பார்த்தேன். நாவல் மரம் நின்றிருந்தால் இந்த இடமாகத்தான் இருக்கும்.

“ரீச்சர், முந்தி இஞ்சை ஆர் இருந்தவை?” என்று கேட்டாள்.

சொன்னேன். பெயர், அவள் கணக்குப் பிழைவிட்டது, சிரிப்பு, நடை, எல்லாம். இவ்வளவு நாளும் கணவருக்குக்கூட அவ்வளவு சொன்னதில்லை. அந்தப் பெண் அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவா வந்தா கட்டாயம் இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒரு நேரம் சமைச்சுக் குடுப்பம்.”

“ஓம்” என்றேன்.

திரும்பும்போது வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. கணவர் முன்னால் நடந்தார். நான் மெதுவாகத்தான் வந்தேன்.