மீசையைப் பணயம் வைத்த படகு

நேற்றுக் காலை துவையல் அரைத்துக்கொண்டிருந்த மிக்சி ஒரு முறை முனகிவிட்டுப் புகை கக்கியது. வீட்டில் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட, நான் மட்டும் அங்கேயே நின்று மோந்துகொண்டிருந்தேன். சிலருக்கு மல்லிகை, எனக்குக் கருகிய மோட்டார். உங்களுக்குச் சொல்வதற்கென்ன, என் வாலிபம் அந்த வாசனையில்தான் இருக்கிறது.

தஞ்சாவூரில் யுபிஎஸ் பழுதுபார்க்கும் கடையில் எனக்கு முதல் வேலை. பக்கத்து மேசை ஜெரோமுக்கு. பேட்டரியில் ஓடும் ரிமோட் படகு என்றால் இருவருக்கும் பைத்தியம். பொம்மைப் படகு என்று சொல்லிவிட்டால் அவனுக்குக் கோபம் வரும். முழங்கை நீளம்தான், ஆனால் தண்ணீரில் மோட்டார் சைக்கிள் போலச் சீறும்.

அவன் மச்சான், அதாவது அக்காள் கணவர், சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது அப்படி ஒரு படகைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்தார். பேச்சு முற்றிப் பந்தயமாயிற்று. ஞாயிறு பூசை முடிந்ததும் ஊர்க் குளத்தில் போட்டி. தோற்றவர் மீசையை எடுக்க வேண்டும். ஜெரோமுக்கோ அடுத்த வாரம் நிச்சயதார்த்தம். பெண்வீட்டுக்குக் கொடுத்த போட்டோவில் இருந்த ஒரே கம்பீரம் அந்த மீசைதான்.

எங்கள் படகுக்குச் சாமான் தேர்வு செய்தது நான். எல்லாம் பெரிதாக இருக்கட்டும் என்பதே அப்போது என் கொள்கை. வேகமாகச் சுற்றும் மோட்டார், அதற்குத் தண்ணீரைத் தள்ளப் பெரிய விசிறி. மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலரைப் பற்றி யோசிக்கவே இல்லை. வியாழக்கிழமை ஒத்திகையில் படகு பறந்தது. பிறகு நடுக்குளத்தில் நின்று புகைந்தது. மேய வந்த வாத்துக் கூட்டத்துக்கு நடுவே நீந்திப்போய் எடுத்து வந்தேன். ஒரு வாத்துகூட வழிவிடவில்லை.

காப்பாற்றியவர் ஸ்டெல்லா அக்கா. ஜெரோமின் அக்கா, இயற்பியல் டீச்சர், எதிராளியின் மனைவி. கருகிய கன்ட்ரோலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விசிறி பெருசானா தள்ளுற தண்ணியும் கூடும். மோட்டார் கரண்ட்ட இழுத்துகிட்டே இருக்கும். நடுவுல கெடக்குற இது எவ்வளவுதான் தாங்கும்? வேகமா சுத்துற மோட்டாருக்குச் சின்ன விசிறி போடுங்க."

புது கன்ட்ரோலர் சனிக்கிழமை கூரியரில் வந்தது. அரை நிமிடம் ஓட்டு, கரைக்குக் கொண்டுவா, மோட்டாரையும் கன்ட்ரோலரையும் தொட்டுப் பார், சுட்டால் இன்னும் சின்ன விசிறி. இதுதான் அக்கா சொன்ன வழி. மூன்றாவது விசிறியில் விரல் தாங்கியது. கணவருக்கு எதிராக ஏன் இந்த உதவி என்று தயங்கிக் கேட்டேன். மீசையில்லாமல் அவர் எப்படி இருப்பார் என்று பார்க்கக் கல்யாணமான நாளிலிருந்து ஆசையாம்.

ஞாயிற்றுக்கிழமை மச்சானின் படகுதான் முந்தியது. பாதிக் குளத்தில் அது நின்றது. புகை. எங்கள் ஒத்திகையில் படகு பறந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தவர், புகைந்ததைப் பார்க்கவில்லை போலும். நாங்கள் கழற்றிப் போட்ட பெரிய விசிறியை மாட்டியிருந்தார். அதை அவருக்கு எடுத்துக் கொடுத்தது யார் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. அன்று மாலை சவரம் முடிந்து வந்தவரை அக்கா வெகுநேரம் பார்த்தார். "வளத்துடுங்க" என்றார்.

இன்று ஜெரோம் கனடாவில். கடை இருந்த இடத்தில் பேக்கரி. படகு அவற்றுக்கெல்லாம் முன்பே போய்விட்டது. பந்தயம் நடந்த அதே வருடம் ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் திறந்ததும், ஓடும் தண்ணீரில் விட்டுப் பார்க்கலாம் என்று வாய்க்காலில் இறக்கினோம். ரிமோட்டுக்கு எட்டாமல் போய், மதகுக்குள் நுழைந்து மறைந்தது. கரையோடு நடந்து தேடினோம். அடுத்த மதகில் தண்ணீர் திறந்துவிடும் லஸ்கர் நின்றிருந்தார். எங்கள் படகை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது, பார்த்தீர்களா என்று ஜெரோம் கேட்டான். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"எத்தனை பேரு இருந்தாங்க?"

"ஆளு யாரும் இல்லீங்க."

அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

"அப்ப போவட்டும், விடுங்க."