கன்றுக்குட்டித் தமனியும் டாக்டரின் இடுக்கியும்

1. ஐஸ் பெட்டி

ஃபிஜியில் முதல் ராணுவப் புரட்சி நடந்த வருஷம். சுவாவுக்கு வெளியே சாலைத் தடுப்பில் ஒரு சிப்பாய் எங்கள் டாக்சியை நிறுத்தி, என் மடியிலிருந்த ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னான். உள்ளே, கசாப்புக் கூடத்தில் அப்போதுதான் வாங்கிய கன்றுக்குட்டியின் பெருந்தமனி, வெள்ளை ரப்பர் குழாய் மாதிரி கிடந்தது.

"என்ன இது?" என்று ஹிந்தியில் கேட்டான்.

"மாட்டோட ரத்தக்குழாய்."

"சாப்பிடவா?"

"வளர்க்க."

"செத்த மாட்டையா?"

"மாடுதான் செத்துது. இதுல இருக்கிற செல்லு இன்னும் உசிரோட இருக்கு. நீ சீக்கிரம் விட்டா பொழைக்கும்."

மூடியை அவனே மூடி, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, போகச் சொன்னான்.

2. யார் கை?

அப்போது நான் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன். எனக்கு மேலே கோவிந்தன் டாக்டர். என்னைப் போலவே, கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்த குடும்பத்துத் தமிழர். கோபம் வந்தால் மட்டும் தமிழ் தெளிவாக வரும்.

தமனியின் உட்புறத்தில் ஒரே செல் கனத்தில் ஒரு படலம் உண்டு. எண்டோதீலியம் என்பார்கள். அதற்கு அடியில் மென்தசை செல்கள். படலம் முழுசாக இருந்தால் தசை செல்கள் பெருகாமல் அடங்கியிருக்கும். படலம் உரிந்தால் அவை பெருகி, சுவர் தடித்து, ரத்தம் போகும் வழி குறுகிவிடும். இதைக் கண்ணெதிரே காட்டுவதுதான் டாக்டரின் சோதனை. தமனியைச் சிறு துண்டுகளாக வெட்டுவோம். பாதியில் படலத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்துவிடுவோம். பாதியை அப்படியே விடுவோம். எல்லாவற்றையும் செல்லுக்குத் தீனியான மீடியம் என்ற கரைசலில் போட்டு இன்குபேட்டரில் வைப்போம்.

தேய்த்த துண்டுகளில் செல்கள் பெருகின. சரி. தேய்க்காத துண்டுகள் சிலவற்றிலும் பெருகின. இரண்டு தடவை இப்படியே ஆயிற்று.

புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போக ஆளாளுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்கும் நியூசிலாந்தில், ஆக்லாந்தில் வேலை கிடைக்கும் போலிருந்தது. அங்கிருந்து இந்தச் சோதனையின் முடிவைக் கேட்டிருந்தார்கள். விமானத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"முனியம்மா, மீடியத்துல என்னாத்தக் கலந்த?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. வெட்டும்போதே படலம் உரிகிறதா என்று பார்க்க, அடுத்த தமனியை இருவரும் பாதிப் பாதியாக வெட்டினோம். ஒன்றையும் தேய்க்கவில்லை. துண்டுகளுக்கு நான் நம்பர் மட்டும் போட்டேன். யார் வெட்டியது எது என்ற பட்டியலைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகு வெள்ளி நைட்ரேட் சாயம் ஏற்றினேன். படலம் இருக்கும் இடத்தில் அது மீன்வலை போலக் கோடு காட்டும். உரிந்த இடத்தில் வலை அறுந்திருக்கும்.

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நாலு நல்லாருக்கு. அஞ்சும் நல்லாருக்கு." ஏழாம் நம்பரில் நின்றார். "நடுவுல வழிச்சி வெச்சிருக்கு. இத வெட்டுன ஆளு கசாப்புக் கூடத்துக்கே வேலைக்குப் போவலாம்."

ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இன்னும் கடுமையான வார்த்தை கிடைத்தது. எல்லாம் முடிந்ததும் பட்டியலை அவர் முன்னால் விரித்தேன். ஏழு, ஒன்பது, பதினொன்று மூன்றும் அவர் வெட்டியவை.

அவர் துண்டுகளைப் பிடித்து வெட்டும் இடுக்கியைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுமேல பழியப் போட்டுறலாமா?"

"போடலாம் டாக்டர். ஆனா நானும் அதையேதான் புடிச்சேன்."

அவர் சிரித்துவிட்டார். மறுநாள் எல்லோரையும் கூப்பிட்டு, "தப்பு என் கை மேலதான், முனியம்மா மேல இல்ல" என்றார். அதன்பின் நான் வெட்டினேன், அவர் செல்களை எண்ணினார். படலம் இருந்தவை அடங்கியிருந்தன, உரித்தவை பெருகின. படங்களை எடுத்துக்கொண்டு நாடி விமான நிலையத்தில் விமானம் ஏறினார். வேலையும் கிடைத்தது.

3. பட்டியல் வேறு கையில்

அவருக்குப் பதிலாக வந்த பெண்ணிடம் இந்தக் கதையை அலங்காரமாகச் சொன்னேன். அவள் அமைதியாகக் கேட்டுவிட்டு, "இந்த வாட்டி பட்டியல் எங்கிட்ட இருக்கட்டும், அக்கா" என்றாள். மறுபடி அதே சோதனையைச் செய்தோம். நான் வெட்டிய துண்டுகளில் இரண்டில் வலை அறுந்திருந்தது.

ஆய்வுக்கூடத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பெயரை மறைத்துவிட்டுப் பாருங்கள். முக்கியமாக உங்கள் பெயரை.

டாக்டர் கடைசி வரைக்கும் எனக்குக் கடிதம் போட்டார். நானும் தவறாமல் பதில் எழுதினேன், அந்த இரண்டு துண்டுகளைப் பற்றி மட்டும் எழுதவில்லை.