சிவப்புத் துணி சுற்றிய கொக்கி

தொலைக்காட்சிப் படத்தில் ஒரு நிருபர், தனக்குத் துப்புக் கொடுத்தவரின் பெயரைக் கடைசிவரை சொல்லவில்லை. பேத்தி கைதட்டினாள்.

நான் சிறுவனாக இருந்தபோது ராயபுரத்தில் என் அப்பாவும் நிருபர். துறைமுகத்தில் ரேஷன் அரிசி கடத்தப்படுவதை அவரிடம் சொன்னவர், மூட்டை தூக்கும் தாசு மாமா. மூட்டைக் கொக்கியை வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

"பேரை மட்டும் வெளியே சொல்லிடாதேடா" என்பார் அப்பா என்னிடம்.

செய்தி வந்த அன்று, துறைமுக மேஸ்திரி எனக்கு வறுகடலை வாங்கித் தந்தார்.

"இன்னா நைனா, நம்மாளு எவனாச்சும் உங்க வூட்டுக்கு வந்துகினு கீறானா?"

நான் பெயரைச் சொல்லவில்லை. "கொக்கிப் பிடியில சிவப்புத் துணி சுத்தியிருக்கும்" என்றேன்.

"சோக்கா சொன்னே!"

கடலை முழுவதையும் தின்றேன். அதன்பிறகு தாசு மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை இல்லை. ஊரைவிட்டுப் போன அன்று கொக்கியை எங்கள் வாசலில் வைத்தார். உள்ளே வரவில்லை.

"நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா தாத்தா?"

"பேரைச் சொல்லியிருக்க மாட்டேன்" என்றேன்.