இலவசமாக வந்த கொக்கிப்புழு

மூடியைத் திறக்காவிட்டாலும் அந்தப் போத்தலிலிருந்து நாற்றம் கசிந்துகொண்டே இருந்தது. ஸ்பிரிட்டின் காரமும், நாட்கணக்கில் மக்கிய ஈரத்துணியின் வாடையும் கலந்த நாற்றம். காலையில் மூக்கில் ஏறினால் மத்தியானம்வரை இறங்காது. உள்ளே மங்கிய நீரில், ஒடித்துப் போட்ட சேமியாத் துண்டுகளைப் போலப் பத்துப் பன்னிரண்டு புழுக்கள் கிடந்தன. அந்த வருடத் தீபாவளிக்கு அம்மா அருமையாகச் சேமியாப் பாயாசம் வைத்தபோது, நான் ஒரு வாய் வைத்துவிட்டுக் சாக்கடைக் கானோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். யாரோ கண்வைத்துவிட்டார்கள் என்று அம்மா எனக்கு மிளகாய் சுற்றிப் போட்டாள். பள்ளிக்கூடத்துப் போத்தல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து ஒரு மணி நேரம் மலையேறினால் எங்கள் தேயிலைத் தோட்டம் வரும். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பழைய ‘புள்ளைக் காம்பரா’வின் நடுச்சுவரை இடித்து ஒன்றாக்கியதுதான் பள்ளிக்கூடம். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு ஒன்பது வயது. ஐந்து வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே வாத்தியார். ஞானமுத்து என்று பெயர். மெலிந்த மனிதர், பழுப்பேறிய கோட்டு, யாரைக் கண்டாலும் பாதி எழுந்து நிற்கும் பழக்கம். தேயிலைப் பெட்டிப் பலகையில் கரி பூசிய கரும்பலகையைத் தவிர அவரிடம் வேறொன்றும் இல்லை. ஒருநாள் வந்த இன்ஸ்பெக்டர் நான்கு சுவரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, பாடத்துக்கொரு படமாவது மாட்டாத இடத்தைப் பள்ளிக்கூடம் என்று எழுத முடியாது, அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் மூடச் சொல்லித்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மூடினால் பெரிய பிள்ளைகள் புல்லுவெட்டப் போக வேண்டியதுதான், சின்னவர்கள் லயத்து வரிசை வீடுகளில் தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியதுதான். வாத்தியாருக்குச் சோறும் இல்லை, குடியிருந்த காம்பராவும் இல்லை.

அவர் முதலில் தோட்டத்து ஆபீசில் போய்க் கேட்டார். தோட்டம் தேயிலை விளைவிக்கத்தான் இருக்கிறது என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியனுப்பினாராம். அதன்பிறகு வாத்தியாருக்கு ஒரு வெறி பிடித்துக்கொண்டது. ஆபீஸ் கிளாக்கர் படித்துக் கழித்த பத்திரிகைகளை வாங்கிவந்து, ‘இலவசம்’ என்ற சொல் எங்கே இருந்தாலும் கத்தரித்து வைத்துக்கொண்டு, கொழும்பிலுள்ள கம்பெனிகளுக்கெல்லாம் கடிதம் எழுதினார். என் கையெழுத்து முத்து முத்தாக இருந்ததால் தமிழ்க் கடிதங்களை என்னைத்தான் எழுத வைத்தார். “ஏழைப் பிள்ளைகளாகிய எங்களுக்கு” என்று ஆரம்பிக்கும் அந்தக் கடிதத்தை எத்தனை தரம் எழுதினேனோ, கடைசியில் அது கண்ணை மூடினாலும் கை தானாக எழுதுமளவுக்கு வந்துவிட்டது.

வந்தன. சவர்க்காரக் கம்பெனியிலிருந்து, எங்கள் லயத்து அடுப்படியைவிடப் பெரிய தொட்டியில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை நுரையோடு சிரிக்கும் படம். உரக் கம்பெனியிலிருந்து, தேயிலை வேரின் படம் போட்ட போன வருடத்துக் கலண்டர். கப்பல் கம்பெனியிலிருந்து, துறைமுகங்கள் மட்டும் குறித்த ஓர் உலகப்படம்; அதில் இலங்கை கொழும்போடு முடிந்துபோயிருந்தது, மலையே இல்லை. எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சுகாதாரப் பகுதியிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. அதில் கொக்கிப்புழுவின் பெரிய வர்ணப்படமும், வைக்கோலில் பொதிந்த அந்தப் போத்தலும் இருந்தன.

மற்றப் படங்களில் எழுத்து ஆங்கிலம், இதில் மட்டும் தமிழ். ஆகவே வாத்தியார் எல்லாப் பாடத்தையும் இதிலிருந்தே நடத்தத் தொடங்கினார். ஒருவர் வயிற்றில் இருபது புழு என்றால் ஏழு பேர் வயிற்றில் எத்தனை என்பது கணக்கு. மண்ணிலிருந்து பாதம் வழியாக ஏறி, நெஞ்சுக்குப் போய், தொண்டையில் விழுந்து, குடலில் தங்குவது பூமிசாஸ்திரம்; வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கை நாங்கள் ஒரு மனித உடம்பின்மேல் படித்தோம். புழுவின் வாயிலுள்ள கொக்கியை வரைவது சித்திரம். ‘கொக்கிப்புழுவின் சுயசரிதை’ தமிழ்க் கட்டுரை. நான் ஒரு பக்கம் முழுக்க எழுதி முதலாவது வந்தேன்.

என் பக்கத்தில் உட்காருகிறவள் பேச்சியம்மா, எங்களுக்குக் கீழ்லயம். வயிறு முன்தள்ளி, கைகால் சூம்பி, முகம் வெளுத்து ஊதியிருக்கும். சுவர் ஓரத்து மண்ணை நகத்தால் சுரண்டி யாரும் பார்க்காதபோது வாயில் போட்டுக்கொள்வாள். படம் வரும்வரை அது எங்களுக்கு ஒரு விஷயமாகவே படவில்லை. படத்தின் கீழ் மூலையில் நோயாளிப் பிள்ளை ஒன்றை வரைந்திருந்தார்கள். அதே வயிறு, அதே முகம். அன்றிலிருந்து அவளுக்குப் ‘போத்தல்’ என்று பெயர் விழுந்தது. முதலில் அப்படிக் கூப்பிட்டது யார் என்று எனக்கு நினைவில்லை என்றுதான் வெகுகாலம் சொல்லிவந்தேன். நான்தான். அவள் பக்கத்தில் உட்காரமாட்டேன் என்று வாங்குப் பலகையை விட்டு எழுந்து போனவளும் நான்தான்.

இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தபோது துரையும் கூட வந்தார். சுவரெல்லாம் படம் தொங்குவதைக் கண்டு இன்ஸ்பெக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கொக்கிப்புழுப் படத்தின் முன்னால் நின்று, எங்கே, ஒரு பாடம் நடத்திக் காட்டும் என்றார். வாத்தியார் பிரம்பை எடுத்துத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். பிறகு பேச்சியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து படத்தின் பக்கத்தில் நிறுத்தினார்.

“படத்தில இருக்கிறது இந்தாங்க சார், உசிரோட” என்றார்.

பிரம்பின் நுனியை முதலில் படத்துப் பிள்ளையின் வயிற்றில் வைத்தார், அடுத்து பேச்சியின் வயிற்றில் வைத்தார். கட்டைவிரலால் அவள் கீழிமையை இழுத்து, உள்ளே சிவப்பில்லாததைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டு, தன் பென்சிலால் அவள் நகங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார், விரலால் தொடவில்லை. துரை கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். பேச்சி தன் பாவாடை நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இது வராமல் தடுப்பது எப்படி என்று இன்ஸ்பெக்டர் கேட்க, வாத்தியார் என்னை எழுப்பினார். கக்கூசில் மலங்கழிக்க வேண்டும், செருப்பணிந்து நடக்க வேண்டும், சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும் என்று ஒரு மூச்சில் ஒப்பித்தேன். எங்கள் அறையில் அன்றைக்குச் செருப்புப் போட்ட கால்கள் மூன்று சோடி. அந்த மூன்று பேரும் பெரியவர்கள். இன்ஸ்பெக்டர் தலையாட்டிவிட்டு, நீ அப்படியெல்லாம் செய்கிறாயா என்று பேச்சியிடம் கேட்டார்.

“எங்க லயத்துல கக்கூசே இல்லீங்க” என்றாள் பேச்சி. “தேயிலைக்குள்ளதான் போறோம். எல்லாரும்.”

இன்ஸ்பெக்டர் தமிழர்தான். அவருக்கு அது விளங்கியது. ஆனால் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டார். பிள்ளை என்ன சொல்கிறது என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார். வாத்தியார் தன் கோட்டுப் பித்தானைத் திருகிக்கொண்டே, “ஷீ ஈஸ் வெரி ஹாப்பி, சார்” என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் அப்போது பத்துக்கூட இருக்காது. அந்தப் பத்தில் ஹாப்பி ஒன்று.

பள்ளிக்கூடம் பிழைத்தது. மறுநாள் பேச்சி வரவில்லை; கொழுந்துக்கூடையை முதுகில் மாட்டியபடி அவள் அம்மா இருளாயி, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டிலிருந்து நேரே வந்து வாசலில் நின்றாள். அவள் சத்தம் போடவே இல்லை.

“படம் பத்தலேன்னா இன்னும் எழுதிக் கேட்டு வாங்குங்க வாத்தியாரய்யா. எங்க புள்ளைய செவுத்துல மாட்டாதீங்க.”

வாத்தியார் வழக்கம்போலப் பாதி எழுந்து நின்றார், அப்புறம் உட்கார்ந்துவிட்டார். அன்று முழுவதும் பாடம் நடக்கவில்லை. அந்த வாரமே தோட்டத்து மருந்துக்காரர் வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் பூச்சி மருந்து ஊற்றினார். எனக்கும் புழு விழுந்தது. வெளியே வந்ததை நான் பார்த்தேன்; போத்தலில் இருந்தது என் வயிற்றிலும் இருந்திருக்கிறது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, பேச்சியிடமும் சொல்லவில்லை. கக்கூஸ் கட்டவில்லை, ஆகவே புழுவும் திரும்பி வந்திருக்கும். பேச்சி பள்ளிக்குத் திரும்பவில்லை. பன்னிரண்டு வயதில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். வழியில் கண்டால் எனக்கு ஒதுங்கி வழிவிடுவாள். பின்னாளில் அந்தக் குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறியது. எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.

நானும் வாத்திச்சியாகி ஓய்வும் பெற்றுவிட்டேன். அந்தப் புள்ளைக் காம்பரா இன்றில்லை, அந்த இடத்தில் மாடிப் பள்ளிக்கூடம் நிற்கிறது. துரை பங்களா விடுதியாகிவிட்டது. கொக்கிப்புழுவென்றால் என்னவென்று இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் பார்த்தால்தான் தெரியும். என் தம்பி மகள் அங்கேதான் படிப்பிக்கிறாள். எந்தப் பாடத்துக்கு என்ன வேண்டுமானாலும் போனில் தேடி, இலவசமாக எடுத்து, அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுகிறாள். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது.

போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். வெளிநாட்டிலிருந்து யாரோ கொடுத்த பைகளும் எழுதும் கொப்பிகளும் வந்திருந்தன. பிள்ளைகளை முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு பையை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி, அவள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சிறுமியை, வெளிறிய கவுன் போட்டிருந்தவளை, முன்வரிசைக்கு இழுத்து நிறுத்தினாள். இந்தப் பிள்ளைகளை இப்படி நிறுத்த வேண்டாமே என்றேன்.

“படம் அனுப்பாட்டி அடுத்த தடவ தரமாட்டாங்க அத்தை” என்றாள். “கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, நீங்களும் படத்துல விழுறீங்க.”

நான் தள்ளி நின்றேன்.