ஏசி அறையில் நின்ற மரம்

கல்முனையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் றவூப், முப்பது வருடத்துக்கு முன் சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவர். ஊர் வழக்கப்படி வீடும் வளவும் மனைவி றாஹிலாவுடையவை. வளவில் நின்ற தென்னை, மா, தோடை எல்லாம் றாஹிலாவின் வாப்பா வைத்தவை. கேட்காமல் றவூப் ஒரு கொப்பைக்கூட வெட்டியதில்லை. அந்த வளவில் அவருடையது என்று சொல்ல இருந்தது ஒரே ஒரு பூச்சாடி. அதில் இடுப்பளவு உயரத்தில் ஒரு ஜப்பான் மேப்பிள் மரம்.

நுவரெலியாவுக்குப் போன இடத்தில், விரல் விரித்த பச்சை இலைகளில் வெள்ளையும் றோசும் தெளித்துக் கிடந்ததைப் பார்த்து மயங்கி வாங்கிவந்தார். "இது குளிர்ல நிக்கிற சாமான் முதலாளி" என்று விற்றவன் சொல்லத்தான் செய்தான். கச்சான் என்னும் வறண்ட வெப்பக் காற்று தொடங்கியதும் இலைகளின் வெள்ளைப் பகுதி, பொரித்த அப்பளத்தின் ஓரம் போலக் கருகியது.

றவூபை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு உம்மு மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "தேமல் விழுந்திரிக்கி காக்கா. ஓதின தண்ணி ஊத்துங்க."

ஊற்றினார். கருகியது. ஒலுவில் துறைமுகத்திலிருந்து மீன் ஐஸ் கொண்டுவந்து சாடியைச் சுற்றி அடுக்கினார். ஊர்ப் பூனையெல்லாம் வந்து மரத்தைச் சுற்றிக் கூட்டம் போட்டன. கடைசியில், மகள் நப்லாவின் கலியாணத்துக்காகக் கட்டிய புது அறைக்குள், ஏசிக்குக் கீழே யன்னலோரம் கொண்டுபோய் வைத்தார். மரம் துளிர்த்தது.

கலியாணமும் வந்தது.

"இஞ்சாருங்க, மாப்பிள்ள வாறதுக்கு முதல் அத வெளிய எடுங்க" என்றாள் றாஹிலா.

"எடுத்தாச் செத்துப்போகும்."

"அப்ப மாப்பிள்ள எங்க படுக்கிற?"

"கட்டில்ல. மரம் என்ன கட்டில்லயா படுக்குது?"

மாப்பிள்ளை றிபாத் நிந்தவூர். பெண் வீட்டில் வாய் திறந்து குறை சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளை. "பரவாயில்ல மாமா, அது அதுபாட்டுக்கு நிக்கட்டும்" என்றான். அன்றிலிருந்து விடிகாலையில் சுபஹ் தொழுத கையோடு றவூப் கதவைத் தட்டுவார். தண்ணீர்க் குவளையோடு உள்ளே போய், சாடியை வெளிச்சத்துக்குத் திருப்பிவிட்டு வருவார். நப்லா முக்காட்டை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏசியை நிறுத்தலாமா என்று கேட்க வாய் வராமல் றிபாத் தடிமனும் இருமலுமாகக் கிடந்து, ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹோலுக்கு வந்துவிட்டான். நப்லாவும் தலையணையோடு பின்னால் வந்தாள்.

அந்த நேரம் பார்த்து வட்டிலப்பத்தோடு வந்து இறங்கினார் றிபாத்தின் உம்மா. ஹோலில் மகன். அறையில் மரம்.

"என்ன மச்சி இது? என்ட புள்ளைக்குப் பாய், மரத்துக்கு ஏசியா?" என்றார் றாஹிலாவிடம்.

"எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளல்ல உம்மா..."

"நீ வாய மூடு. காக்கா, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு மாப்பிள்ள வேணுமா, மரம் வேணுமா?"

றவூப் முதலில் மரத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் செய்த பிழை அவ்வளவுதான். "மாப்பிள்ளதான்" என்று அவர் வாய் திறந்தபோது, றாஹிலா சாடியை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மகனை ஏசிக்குள் படுக்க வைத்துப் பார்த்த பிறகுதான் சம்பந்தி வீட்டம்மா ஊருக்குத் திரும்பினார்.

மறுநாள் றவூப் கடை திறக்கவில்லை. மாமர நிழல் இருந்தது. ஆனால் கச்சான் நிழலுக்குள்ளும் வரும். உடுத்தும் சாரன் ஒன்றை நனைத்து, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, காற்று வரும் பக்கமாக மரத்துக்கு முன்னால் நின்றார். இலைகளில் பாதி கருகிவிட்டது. நுனித் துளிர் மட்டும் இன்னும் றோசாக நின்றது.

இருமிக்கொண்டே றிபாத் வெளியே வந்தான்.

"லுஹருக்குப் பாங்கு சொல்லிட்டாங்க மாமா. நீங்க தொழுதிட்டு வாங்க, பொறகு நான் போறன். இஞ்ச தாங்க, பிடிக்கிறன்."

"கைய இறக்கிடாதீங்க மருமகன். துளிருக்குக் காத்துப் படக்கூடாது."

"ஓம் மாமா."

நிந்தவூரிலிருந்து மீன் கொண்டுவரும் நிப்றாஸ் கேற்றடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். தன் ஊர்ப் புதுமாப்பிள்ளை உச்சி வெயிலில், ஈரச் சாரனை விரித்துப் பிடித்தபடி ஒரு பூச்சாடிக்கு முன்னால் நிற்பதை நன்றாகப் பார்த்தார். மீதி மீனை விற்காமலே, மோட்டார் சைக்கிளை நேரே றிபாத்தின் உம்மா வீட்டுக்குத் திருப்பினார்.